சரிவில் செயின் வண்டி: அறிகுறி பார்த்து ஆபத்தைத் தவிர்க்கும் வழிமுறை

கோத்தகிரி, குன்னூர், குந்தா பக்கம் சரிவில் செயின் வண்டி, அதாவது செயினில் நகரும் பொக்லைன், ஓட்டுகிறவர்களுக்கும், அவர்களை வேலைக்கு அழைக்கும் மேஸ்திரி, சூப்பர்வைசர்களுக்கும் இதை எழுதுகிறேன். சமவெளியில் ஏரி தூர்வாருகிற அதே வண்டிதான் இங்கேயும் வருகிறது, அதே லீவர், அதே பெடல். கீழே ஒரு தவறு நடந்தால் அரை நாள் வேலை கெடும். மலையில் அதே தவறு ஆளையே கொண்டுபோய்விடும். 20 டன் வகுப்பு வண்டியை மனதில் வைத்துச் சொல்கிறேன். சின்ன வண்டிக்கும் டோசருக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான், எண்களை மட்டும் அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவில் வண்டி காட்டுகிற கோளாறில் பெரும்பங்கு அது நிற்கிற இடத்திலிருந்து வருகிறது. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதலில் மண்ணைப் பாருங்கள். அடுத்து வண்டி எந்தப் பக்கம் பார்த்து, எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஹைட்ராலிக், எஞ்சின் எல்லாம் அதற்குப் பிறகுதான். மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டு, வழுக்குகிற மண்ணிலேயே வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்தக் காத்திருப்புதான் ஆபத்து.

பொதுவான முதல் செயல்: லீவர்களை நடுநிலைக்கு விடுங்கள், பக்கெட்டைத் தரையில் இறக்கி அழுத்துங்கள், மற்ற லீவர்களை வேலை செய்யவிடாமல் பூட்டும் லாக் லீவரைப் போடுங்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. விளிம்பு மண் பிளக்கும்போது நிற்கக் கூடாது, வெளியேற வேண்டும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் சரிவை அளந்துவிடுங்கள்

கண் மதிப்பு மலையில் ஏமாற்றும். சுற்றிலும் எல்லாமே சாய்ந்திருப்பதால் 20 டிகிரி சரிவு சாதாரணமாகத் தெரியும். கொத்தனாரின் ட்யூப் லெவலும் ஒரு டேப்பும் போதும். கிடைமட்டமாக 10 அடிக்கு 3 அடி ஏறினால் ஏறக்குறைய 17 டிகிரி, 4 அடி ஏறினால் 22, 6 அடி ஏறினால் 31.

கேட்லாக்கில் 35 டிகிரி ஏறும் என்று போட்டிருப்பார்கள், சிலதில் 70 சதவீதம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். சதவீதத்தை டிகிரியாக எடுத்துக்கொண்டு ஏமாறாதீர்கள், 45 டிகிரிதான் 100 சதவீதம். அந்த எண் காய்ந்த, கெட்டியான தரையில் நேராக ஏறுவதற்கான திறனைச் சொல்கிறது. அந்தச் சரிவில் நின்று மண் அள்ளலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

எடைக் கணக்கு இன்னும் தெளிவாகச் சொல்லும். 20 டன் வண்டியைச் சரிவு கீழே இழுக்கிற விசை 10 டிகிரியில் மூன்றரை டன், 20 டிகிரியில் ஏறக்குறைய 7 டன், 30 டிகிரியில் 10 டன். அத்தனையையும் செயின் தகடுகள் மண்ணைப் பற்றுகிற பிடி ஒன்றுதான் தாங்குகிறது.

அறிகுறி: செயின் சுற்றவில்லை, வண்டி மட்டும் கீழே நகர்கிறது

பிரேக் போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது இல்லை. இப்போதைய செயின் வண்டிகளில் வண்டியை நகர்த்தும் ட்ராவல் மோட்டாரின் பிரேக், எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது ஸ்பிரிங் விசையில் தானாகவே பிடித்துக்கொள்ளும். செயினைச் சுற்ற வைக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைப் பாருங்கள். அது அசையாமல் வண்டி மட்டும் இறங்கினால் பிரேக் நன்றாக இருக்கிறது, மண்தான் விட்டுவிட்டது. ஸ்பிராக்கெட்டும் சேர்ந்து சுற்றினால் பிரேக் அல்லது ஃபைனல் டிரைவ் (மோட்டாருக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) கோளாறு. அந்த வண்டி சரிவிலிருந்து இறங்கும்வரை வேறு வேலை கிடையாது.

மண் விடுவதற்கு நம்ம ஊரில் சில வழக்கமான காரணங்கள் உண்டு. சீகை (வாட்டில்) மர இலையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரப் பட்டையும் மெத்தை மாதிரி கிடக்கும். அதன்மேல் செயின் ஏறினால் தகட்டின் விளிம்பு மண்ணைத் தொடவே தொடாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காலை உறைபனி உருகிய புல்லும் அப்படித்தான். இன்னொன்று, செம்மண்ணுக்கு அடியில் திடீரென்று தட்டுப்படும் வழவழப்பான பாறை. இரும்பு பாறையைப் பற்றாது. கடைசியாக, தகடுகளின் நடுவே களிமண் அடைத்துச் செயின் முழுக்க வழவழப்பான பட்டையாகிவிடுவது.

செய்ய வேண்டியது இதுதான். பக்கெட் மேட்டுப் பக்கம் இருந்தால் பல்லை மண்ணில் ஆழமாக ஊன்றுங்கள், அது நங்கூரம். பள்ளத்துப் பக்கம் இருந்தால் பக்கெட்டின் முதுகைத் தரையில் வைத்து முட்டுக் கொடுங்கள். நகர்வது நின்றதும் செயின்களின் பள்ளத்துப் பக்கம் கட்டை வைக்கத் தோன்றும். வண்டி முழுமையாக நிலைத்துவிட்டது என்று உறுதியாகும்வரை யாரையும் கீழே அனுப்பாதீர்கள். அப்புறம் மேட்டுப் பக்கம் ஊன்றிய பக்கெட்டால் ஆர்மை (பக்கெட் மாட்டிய கையை) உள்ளே இழுத்துக்கொண்டே, மெதுவான வேகத்தில் ட்ராவல் கொடுத்து நேராக மேலேறுங்கள். திரும்பாதீர்கள். சரிவில் திரும்பும்போது ஒரு செயின் மண்ணைச் சுரண்டிக் குழியாக்கும், அந்தக் குழிக்குள் வண்டி சாயும்.

வேலையைத் தொடர வேண்டுமென்றால் இலை, பட்டை, புல் எல்லாவற்றையும் பக்கெட்டால் வழித்து எடுத்துவிட்டு வெறும் மண்ணில் நில்லுங்கள். செயின் இடுக்கில் அடைத்த களிமண்ணைச் சமதரைக்கு வந்த பிறகு எடுங்கள்.

அறிகுறி: விளிம்புக்கு இணையாகத் தரையில் விரிசல்

இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மற்ற அறிகுறிகளில் யோசிக்க நேரம் கிடைக்கும். இதில் கிடைக்காது.

மலைச் சாலை, வீட்டுமனை, தோட்டத்துப் பாதை எல்லாமே மேட்டுப் பக்கம் வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி அகலப்படுத்தியவை. பார்க்க ஒரே தரை. உள்பாதி மலையின் சொந்த மண், வெளிப்பாதி கொட்டிய மண். மேலே ஜல்லி போட்டிருந்தாலும் தார் போட்டிருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. விரிசல் பெரும்பாலும் இந்த இரண்டும் சேருகிற கோட்டில்தான் வரும்.

முடி அளவு விரிசலாக இருக்கும்போதே கண்டுபிடிக்கலாம். புல் வேர்கள் ஒரே திசையில் இழுபட்டு வெள்ளையாகத் தெரியும். காய்ந்த இலை ஒரு வரிசையாக உள்ளே விழுந்து செருகியிருக்கும். மழை பெய்து விட்ட நேரத்தில் மேலே ஓடுகிற தண்ணீர் அந்த இடத்துக்கு வந்ததும் காணாமல் போகும். அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி, மண்ணைக் கீழிருந்து தளர்த்திக்கொண்டிருக்கிறது.

சந்தேகமாக இருந்தால், வண்டியை விலக்கி நிறுத்திவிட்டு, விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி அடித்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பில் அளந்து சிகரெட் அட்டையிலாவது எழுதிவையுங்கள். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளங்கள். ஐந்து மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் அன்றைக்கு அங்கே வேலை இல்லை. முதலாளி என்ன சொன்னாலும் இல்லை.

வண்டி மேலே நிற்கும்போதே விரிசல் கண்ணில் பட்டால்: ஸ்விங் அடிக்காதீர்கள் (மேல்பாகத்தைச் சுழற்றாதீர்கள்), பக்கெட்டில் உள்ள மண்ணை அங்கேயே தாழ்த்திக் கொட்டிவிடுங்கள், விளிம்புக்கு எதிர்த் திசையில் நேராக வெளியேறுங்கள். இது எளிதாக நடக்க வேண்டுமென்றால் வண்டி முதலிலேயே சரியாக நின்றிருக்க வேண்டும். விளிம்பு ஓரம் வேலை செய்யும்போது செயின்கள் விளிம்புக்குக் குறுக்காக, நேர் செங்குத்தாக இருக்கட்டும். ஸ்பிராக்கெட்டும் ட்ராவல் மோட்டாரும் மலைப் பக்கம் இருக்கட்டும். அப்போது இரண்டு லீவரையும் பின்னால் இழுத்தால் வண்டி நேராக மலையின் சொந்த மண்ணுக்கு வந்துவிடும். விளிம்புக்கு இணையாக நின்றிருந்தால் ஒரு செயின் முழுக்க பலவீனமான மண்மேல் இருக்கும், தப்பிக்கத் திரும்ப வேண்டிவரும், திரும்புகிற அந்த உதறலே விளிம்பை உடைத்துவிடும்.

வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்கிற பழக்கத்தை விட வேண்டும். ஒரு பக்கெட் ஈரமண் ஒன்றரை டன் வரும். இருபது பக்கெட் கொட்டினால் இன்னொரு வண்டியையே விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியதற்கு மேல். அது உருண்டால் கீழே வீடு இருக்கிறதா, தேயிலை பறிக்கிறவர்கள் இருக்கிறார்களா என்பது நம் கையில் இல்லை.

மழைக் கணக்கும் வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மழையில் நீலகிரி முழுக்க நிலச்சரிவுகள், 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வளவு பெய்ய வேண்டும் என்பதில்லை. நாலு நாள் விடாமல் தூறி, ஐந்தாம் நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும்போதுதான் வண்டியைக் கூப்பிடுவார்கள். மேல்மண் காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். வெட்டின் அடியில் புதிதாக ஊற்று கசிகிறதா, சில்வர் ஓக் மரங்கள் புதிதாகச் சாய்ந்திருக்கின்றனவா, பழைய கல்கட்டு வயிறு தள்ளியிருக்கிறதா என்று நடந்து பாருங்கள். வண்டியில் உட்கார்ந்தபடி இவை தெரியாது.

மாவட்டத்தில் மண் அள்ளும் எந்திரங்களுக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான். அதைத் தப்பிக்க இரவில் வேலை வைக்கிறவர்கள் ஆப்பரேட்டரின் கண்ணைக் கட்டிவிட்டு விளிம்பில் நிறுத்துகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் இந்த விரிசல் எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட வேலையை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அறிகுறி: ஸ்விங் லீவரை விட்டும் மேல்பாகம் பள்ளத்துப் பக்கம் திரும்புகிறது

கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டால் அது இயல்பு. பல வண்டிகளில் லீவரை விட்டுச் சில விநாடி கழித்துத்தான் ஸ்விங் பிரேக் பிடிக்கும், அதுவரை சரிவு இழுக்கும். நின்ற பிறகும் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் பிரேக் தேய்ந்திருக்கிறது, வண்டியை இறக்குங்கள்.

பிரேக் நன்றாக இருந்தாலும் சாய்ந்த நிலையில் நின்று ஸ்விங் அடிப்பதே தவறு. பள்ளத்துப் பக்கம் போகும்போது வேகம் கூடும், நிறுத்தும்போது வண்டி முழுக்க ஆடும். சரியான வழி, வேலை தொடங்கும் முன் நிற்பதற்கு ஒரு சமமான மேடை வெட்டுவது. மேட்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டிய சொந்த மண்மேல் செயின் இரண்டும் முழுக்க உட்காரும்படி செய்யுங்கள். பள்ளத்துப் பக்கம் மண்ணை நிரப்பி அதன்மேல் ஒரு செயினை வைத்துவிட்டு “மட்டம் ஆயிடுச்சு” என்பது ஏமாற்று வேலை.

அறிகுறி: மேட்டுப் பக்கச் செயின் தரையை விட்டு எழுகிறது

ஹெல்பர் பார்த்துச் சொல்லலாம், இல்லையென்றால் சீட்டிலேயே தெரியும். வண்டி லேசாகி ஆடுவது போல இருக்கும், பக்கெட்டின் இழுப்பில் உறைப்பு இருக்காது. இந்த வண்டி செயின்களின் குறுக்கே 2.8 மீட்டர் அகலம், நீளவாக்கில் 4 மீட்டருக்கு மேல். அதனால் சரிவுக்குக் குறுக்காக நிற்கிற வண்டி எளிதில் கவிழும், நேராக ஏறி இறங்குகிற வண்டி அவ்வளவு எளிதில் கவிழாது.

எழுந்த செயினைக் கண்டதும் பக்கெட்டை வேகமாகத் தூக்கிவிடாதீர்கள். மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள். பக்கெட் பள்ளத்துப் பக்கம் நீட்டியிருந்தால் அங்கேயே ஊன்றி முட்டுக் கொடுங்கள். பிறகு ஆர்மை வண்டியை ஒட்டி மடக்கி, மண்ணைக் காலி செய்து, நேராகத் திருப்பி நிற்க வைக்க முடிகிற இடத்துக்குப் போங்கள்.

கவிழத் தொடங்கிவிட்டது, இனி நிறுத்த முடியாது என்றால்: குதிக்காதீர்கள். குதிக்கிறவர் வண்டி விழுகிற பக்கமே விழுகிறார், கேபின் அவர்மேல் வருகிறது. பெல்ட் போட்டபடி, கை கால்களை உள்ளே இழுத்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு. இது உதவ வேண்டுமென்றால் பெல்ட் காலையிலேயே போட்டிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் பெல்ட் என்பதை ஒவ்வொரு ஹெல்பரும் ஆப்பரேட்டருக்கு நினைவூட்டலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அறிகுறி: லீவரைத் தள்ளினால் எதிர்ப்பக்கம் போகிறது

கோளாறு இல்லை. கேபின் 180 டிகிரி திரும்பி ஸ்பிராக்கெட் உங்களுக்கு முன்னால் வந்திருக்கிறது. அந்த நிலையில் ட்ராவல் லீவர்கள் தலைகீழாக வேலை செய்யும். சமவெளியில் இது சின்னக் குழப்பம், விளிம்பில் உயிர் ஆபத்து. ட்ராவல் கொடுக்கும் முன் ஸ்பிராக்கெட் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் தலையை வெளியே நீட்டிப் பாருங்கள்.

இரண்டு லீவரையும் ஒரே அளவு தள்ளியும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், சமதரையில் ஒரு கயிறு கட்டி அதன் ஓரமாக ஓட்டிப் பாருங்கள். அங்கே நேராகப் போனால் சரிவில் பள்ளத்துப் பக்கச் செயின் புதைந்ததுதான் காரணம். அங்கேயும் இழுத்தால் செயின் இறுக்கம், ட்ராவல் மோட்டார், சென்டர் ஜாயின்ட் என்று மெக்கானிக் பார்க்கட்டும்.

அறிகுறி: இறங்கும்போது வேகம் கூடுகிறது, அல்லது விட்டு விட்டு உதறுகிறது

ட்ராவல் மோட்டாரில் வண்டி தானாக ஓடிவிடாமல் தடுக்கும் வால்வு இருக்கிறது. உதறல் அந்த வால்வு திணறுகிறது என்பதற்கான அடையாளம். பக்கெட்டை இறக்கி நிறுத்துங்கள். வேக பட்டன் ஆமையில் (மெதுவு) இருக்கிறதா, முயலில் (வேகம்) இருக்கிறதா என்று பாருங்கள். சரிவில் எப்போதும் ஆமை. ஆட்டோ ஐட்லிங்கை அணைத்துவிடுங்கள், எஞ்சின் வேகம் தானாக ஏறி இறங்கக் கூடாது. எஞ்சின் வேகத்தைக் குறைத்து, லீவரை நடுநிலைக்குப் பக்கத்திலேயே வைத்து, பக்கெட் தரைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் முன்னால் போக, நேராக இறங்குங்கள். அவ்வளவு தாழ்வாக இருந்தால்தான் வழுக்கிய நொடியில் ஊன்ற முடியும்.

அறிகுறி: செயினில் ‘டொக்... டொக்’ சத்தம்

ஸ்பிராக்கெட் பல் தாண்டுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் செயின் கழன்றுவிடும். சரிவில் செயின் கழன்ற வண்டிக்கு அந்தப் பக்கம் பிரேக்கும் இல்லை, இழுவையும் இல்லை. உடனே நிறுத்தி, கல்லோ கட்டையோ சிக்கியிருக்கிறதா பாருங்கள். தளர்வு என்றால் சமதரைக்குக் கொண்டுவந்து கிரீஸ் அடித்து இறுக்குங்கள். தளர்த்த வேண்டிவந்தால் அந்த கிரீஸ் வால்வுக்கு நேராக முகத்தையோ கையையோ வைக்கக் கூடாது, ஒரு சுற்றுக்கு மேல் திறக்கவும் கூடாது. உள்ளே உள்ள அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். துளை சின்னதாக, வலியில்லாமல் இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

அறிகுறி: எஞ்சின் நின்றுவிட்டது, அல்லது ஆயில் விளக்கு எரிகிறது

டேங்க்கில் டீசல் குறைவாக இருந்தால் சாய்ந்த நிலையில் குழாய் காற்றை இழுக்கும். மலையில் பாதி டேங்க்குக்குக் கீழே விடாதீர்கள். ஆயில் விளக்கும் வண்டி சாய்ந்து நிற்பதாலேயே எரியலாம், ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஓட்டக் கூடாது. நின்றுவிட்டால் லீவர்களை நடுவில் விட்டு, பக்கெட் தரையில் இருப்பதை உறுதிசெய்த பிறகே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஹைட்ராலிக் ஆயில் அளவைச் சரிவில் வைத்துப் பார்த்து ஊற்றுவதும் தவறு. அளவு பொய்யாகத் தெரியும்.

அறிகுறி: ட்ரெய்லரில் ஏறும்போது நழுவுகிறது

இரும்பின்மேல் இரும்பு, நடுவில் சேறு. ஏறுபலகையின் சாய்வு 15 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. செயினிலும் பலகையிலும் உள்ள சேற்றை வழித்துவிட்டு ஏற்றுங்கள். பலகையில் போகும்போது திசை திருத்தாதீர்கள், கோணலாகத் தெரிந்தால் இறங்கி வந்து மறுபடி நேராக்குங்கள்.

வண்டி ஏற்கெனவே சரிவில் பாதி இறங்கிவிட்டது

முதலில் ஆப்பரேட்டர் மேட்டுப் பக்கமாக வெளியே வரட்டும். வண்டிக்குக் கீழே உள்ள சரிவு முழுக்க, சாலைவரை, ஆட்களை அப்புறப்படுத்துங்கள். வெட்டின் அடியிலும் யாரும் நிற்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் ஊட்டிக்கு அருகே லவ்டேலில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், வெட்டிய மண்ணுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அவர்கள்.

தன் சொந்த பலத்தில் மேலேற முயன்றால் செயின் சுரண்டி இன்னும் இறங்கும். மேலே கெட்டி மண்ணில் இன்னொரு வண்டியை நிறுத்தி, அதன் பக்கெட்டை ஊன்றி, இறங்கிய வண்டியை வயர் ரோப்பால் முதலில் பிடித்துக் கட்டுங்கள். இழுப்பது அப்புறம். கயிற்றைக் கீழ்ச்சட்டத்தில் கட்டுங்கள், பக்கெட் பல்லிலோ கேபின் கம்பியிலோ மாட்டாதீர்கள். கயிறு கூர்மையான விளிம்பில் உரசுகிற இடத்தில் மரக்கட்டை கொடுங்கள். கயிறு இறுகத் தொடங்கும்போது இரண்டு வண்டிக்கும் நடுவிலும், கயிற்றின் நீளத்துக்குள் எந்தப் பக்கத்திலும் யாரும் இருக்கக் கூடாது. சைகை காட்டுகிற ஒருவர் மட்டும் மேட்டுப் பக்கம், இரண்டு ஆப்பரேட்டருக்கும் தெரிகிற தூரத்தில், கயிற்றின் வீச்சுக்கு வெளியே நிற்கட்டும்.